தர்ஸ்டனின் கால்

ரக்பி லீக்கில் உடம்பு பெரிதாக இருந்தால் பாதி வேலை முடிந்தது என்பார்கள். ஜொனாதன் தர்ஸ்டன் ஒல்லி. அவருடைய மூலதனம் காலும் கண்ணும்தான். 2002இல் சிட்னியின் புல்டாக்ஸ் அணியில் தொடங்கி, 2005இல் குயின்ஸ்லாந்தின் டவுன்ஸ்வில் நகரத்து கவ்பாய்ஸுக்கு வந்து, 2018 வரை அங்கேயே ஆடினார். ஆஸ்திரேலிய லீக்கின் சிறந்த வீரருக்கான டாலி எம் பதக்கம் நான்கு முறை.

அந்த லீக்கின் 2015 இறுதியாட்டத்தைத் தேடிப் பாருங்கள். ஆட்டநேரம் முடிந்த கணத்தில் கவ்பாய்ஸ் வீரர் கைல் ஃபெல்ட் எதிரணியின் கோட்டுக்கு அப்பால் பந்தைத் தரையில் ஊன்றி, அதாவது டிரை போட்டு, 16-16 ஆக்கினார். அடுத்து வெற்றிக்காக ஓரக்கோட்டிலிருந்து தர்ஸ்டன் உதைத்த பந்து வளைந்து வந்து கோல் கம்பத்தில் மோதித் திரும்பியது. வேறொருவர் என்றால் அங்கேயே உடைந்திருப்பார். கூடுதல் நேரத்தில், ஓடிக்கொண்டிருந்த ஆட்டத்துக்கு நடுவே, பந்தைத் தரையில் தட்டி எழவிட்டு உதைத்தார். ஒரே புள்ளி, 17-16. கவ்பாய்ஸுக்கு முதல் கோப்பை.

எனக்கு அதைவிடப் பிடித்தது வேறு. கோலுக்கு உதைத்த பின், பந்துத் தாங்கியைத் தூக்கி எறியாமல், அதைக் கொண்டுவந்த பையனிடம் நடந்துபோய்த் திருப்பிக் கொடுப்பார். ஆட்டம் முடிந்ததும் அவர் அணிந்திருந்த தலைக்கவசம் கூட்டத்தில் ஏதாவதொரு குழந்தைக்குப் போய்விடும். பதக்கங்களை எண்ணுபவர்கள் இதையும் சேர்த்து எண்ண வேண்டும்.