பலகைத் தமிழ்

என் அப்பத்தாவுக்கு எழுத்து தெரியாது. காமயகவுண்டன்பட்டியிலிருந்து பஸ் மாறி மாறி அவளை ஓர் அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப் போயிருந்தேன். முதுமக்கள் தாழி முன்னால் நின்றவள் அந்த இடத்தை விட்டு நகரவில்லை. "என்னப்பா எழுதியிருக்கு?" என்றாள். பலகையைச் சத்தமாக வாசித்தேன். இறந்தோரின் எச்சங்களை இட்டுப் புதைக்கப் பயன்படுத்தப்பட்ட சுடுமண் கலன் என்று இருந்தது. அதற்குக் கீழே உயரம், வாய் விட்டம், நூற்றாண்டு.

முழுக்கக் கேட்டுவிட்டு, "உள்ள இருந்தது ஆம்பளையா, பொம்பளையா?" என்றாள். பலகையில் இல்லை. "ஒக்கார வச்சாகளா, படுக்க வச்சாகளா?" அதுவும் இல்லை. "அப்ப என்னத்தத்தான் எழுதியிருக்கு?"

இதைவிடக் கறாரான விமர்சனத்தை நான் படித்ததில்லை. ஒரு சிறுகதையின் கடைசி வரியைப் பற்றி நாலு நாள் சண்டை போடுகிற நாம், இந்தப் பலகைகளை எழுத்து என்றே மதிப்பதில்லை. ஆனால் கதை பக்கமே வராத ஜனங்கள் நின்று படிக்கிற உரைநடை அதுதான். 2023இல் கீழடி அருங்காட்சியகம் திறந்த பிறகு, பழசைப் பார்க்கப் போவது பள்ளிச் சுற்றுலா மட்டும் இல்லை என்றாகிவிட்டது. குடும்பம் குடும்பமாகப் போகிறார்கள். அவர்களிடம் எந்தத் தமிழில் பேசுவது என்பது சின்ன விஷயமில்லை.

பலகைத் தமிழின் முதல் நோய் 'பட்ட'. கண்டெடுக்கப்பட்டது, பயன்படுத்தப்பட்டது, கருதப்படுகிறது. யார் கண்டெடுத்தார்கள், யார் கருதுகிறார்கள்? ஆளே இல்லாத வாக்கியங்கள். ஊரில் யாரும் இப்படிப் பேசுவதில்லை. "கெணறு தோண்டும்போது கெடச்சுச்சு" என்பார்கள். ஆங்கிலத்தில் யோசித்த வாக்கியத்துக்குத் தமிழ்ச் சட்டை மாட்டிவிட்டால் இப்படித்தான் வரும்.

இரண்டாவது நோய் இதற்கு நேர் எதிர். தொன்மை, பெருமை, செழுமை என்று மேடைப்பேச்சாகப் பொங்குவது. எந்தப் பானைக்குக் கீழே வைத்தாலும் பொருந்தும் வாக்கியங்கள். கீழடி ஓடுகளில் ஆதன், குவிரன் என்று பெயர்கள் கிடைத்திருக்கின்றன. ஒரு மனிதனின் பெயர் ஒரு பானையில் இருக்கிறது, அதுவே போதும். அதன் மேல் பெருமையைக் கொட்டினால் ஆதன் மறைந்துபோகிறான், நாம்தான் தெரிகிறோம்.

அமெரிக்கத் தேசியப் பூங்காக்களை முன்வைத்து ஃப்ரீமன் டில்டன் 1957இலேயே ஒரு புத்தகம் எழுதினார். பார்க்க வருபவரின் சொந்த அனுபவத்தைத் தொடாத விளக்கம் வீண், பாடம் நடத்துவதைவிட யோசிக்கத் தூண்டுவதே முக்கியம் என்பது அவர் கட்சி. சரிதான். ஆனால் அதற்கு அமெரிக்கா வரை போக வேண்டியதில்லை.

2006இல் எங்கள் தேனி மாவட்டத்தில், ஆண்டிபட்டி வட்டத்துப் புலிமான்கோம்பையில், தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகக் குழுவினர் மூன்று நடுகற்களைக் கண்டுபிடித்தார்கள். எழுத்து தமிழி. அதில் ஒன்றில் இருப்பது இவ்வளவுதான்: கல், பேடு, தீயன் அந்தவன், கூடல் ஊர், ஆகோள். பொருள், ஆள், ஊர், சம்பவம், எல்லாம் வந்துவிட்டன. அவன் மாவீரன் என்று கல் சொல்லவில்லை. சொல்லாமலே நாம் நின்றுவிடுகிறோம்.

எளிமையாக எழுதினால் துல்லியம் போய்விடும் என்று ஆய்வாளர்கள் பயப்படுகிறார்கள். அந்தப் பயம் நியாயமானது. ஒரு சொல் பிசகினால் நாளைக்கே சர்ச்சை. அந்தக் கல்லையும் அப்படியே பலகையாக மாட்ட முடியாது. தொல்காப்பியம் வெட்சியில் வைக்கிற 'ஆகோள்' இன்று யாருக்கும் சட்டென்று புரியாது. ஆனால் மாடு கவர்தல் என்று சொல்லிவிட்டால் துல்லியம் எங்கே குறைகிறது? 'இருக்கலாம்' என்ற ஒரு சொல்லே சந்தேகத்தை நேர்மையாகச் சொல்லிவிடும். 'எனக் கருதப்படுகிறது' செய்கிற வேலையையே அது செய்கிறது, ஒளியாமல் செய்கிறது.

நான் எழுதினால் இப்படி எழுதுவேன்:

"இது செத்துப்போன ஒருவருக்காக நட்ட கல். எழுத்தைப் பாருங்கள், 2000 வருடங்களுக்கு மேல் பழசு. அவர் பெயர் தீயன் அந்தவன், ஊர் பேடு. கூடலூரில் மாடு கவரும் சண்டையில் இறந்தார். கவரப் போனவரா, மீட்கப் போனவரா? கல் சொல்லவில்லை. அந்தக் கூடலூர் கம்பத்துக்குப் பக்கத்தில் இருக்கிற கூடலூராகவும் இருக்கலாம்."

இதில் குறை இருக்கும். சொல்லுங்கள், திருத்திக்கொள்கிறேன். பலகை எழுதுபவர்களும் அச்சுக்குக் கொடுக்கும் முன் யாராவது ஒருவருக்குச் சத்தமாக வாசித்துக் காட்டினால் போதும். எங்கே மூச்சு முட்டுகிறதோ, எங்கே கேட்பவர் கண் வேறு பக்கம் போகிறதோ, அங்கே வெட்டலாம்.

அப்பத்தாவுக்கு வாசித்துக் காட்டினேன். "கூடலூரா? நம்ம கூடலூரா?" என்று நிமிர்ந்து உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் கேட்டாள்:

"மாடு கெடச்சுச்சா, இல்லையா?"