மடித்தால் உடையும், மடிக்காமல் விட்டால்?

தாத்தா வார இதழ்களிலிருந்து தொடர்கதைகளைக் கிழித்து பைண்ட் பண்ணி வைத்த தொகுதி ஒன்று எங்கள் வீட்டுப் பரணில் இருக்கிறது. போன வருஷம் பிரித்தபோது ஓரமெல்லாம் அப்பளமாக நொறுங்கியது. போட்டோ எடுத்துக்கொண்டு தூக்கிப் போட்டுடலாம் என்பதுதான் மென்பொருள்காரனான எனக்கு முதலில் தோன்றியது. அதற்காக என்னைக் கூசவைத்த புத்தகம், நிக்கல்சன் பேக்கரின் ‘டபுள் ஃபோல்ட்’ (2001).

நூலகங்கள் செய்தித்தாள்களை மைக்ரோஃபிலிமில் படம்பிடித்துவிட்டு அசலைக் கழித்துக்கட்டியதற்கு எதிரான வழக்கு அது. தலைப்பு ஒரு சோதனையின் பெயர்: பக்கத்தின் மூலையை முன்னும் பின்னும் மடிப்பது; சில மடிப்புகளில் உடைந்தால் தாள் நொய்ந்துவிட்டதாகக் கணக்கு. பேக்கரின் கேள்வி எளிமையானது: வாசகர் பக்கத்தைப் புரட்டுகிறாரா, மடிக்கிறாரா? 1999இல் பிரிட்டிஷ் நூலகம் விற்ற அமெரிக்க நாளிதழ்த் தொகுதிகளை ஓய்வுக்காலச் சேமிப்பையும் போட்டு வாங்கினார். 2004இல் அவை டியூக் பல்கலைக்கழகத்துக்குப் போயின.

என் துறை மொழியில் சொன்னால், பேக்கப் சரியாகத் திறக்கிறதா என்று பார்க்காமலே மூலத்தை டெலீட் செய்த கதை. வண்ணப் பக்கங்கள் கறுப்பு வெள்ளையாகச் சுருங்கின. பேக்கரின் கோபத்தில் தப்பே இல்லை.

ஆனால் ‘சும்மா வைத்திருங்கள்’ என்ற அவர் பதில் எனக்குப் போதவில்லை. சும்மா வைத்திருப்பதும் ஒரு வேலை. முதுகு பிய்ந்து, தாள் உதிரும் தொகுதியை அலமாரியில் எப்படி நிறுத்துவது? சில நூலகங்கள் ஷ்ரிங்க் ராப் செய்கின்றன. தொகுதியின் இருபுறமும் அமிலமில்லாத அட்டை வைத்து, மெல்லிய பாலிஎத்திலீன் படலத்தால் மூடிச் சூடு காட்டினால் படலம் சுருங்கி இறுகும். தூசி, கசியும் தண்ணீர், உதிரும் துண்டுகள் எல்லாவற்றுக்கும் ஒரே உறை.

குறைகளும் உண்டு. மரக்கூழ்த் தாளின் அமிலம் உறைக்குள்ளும் தின்றுகொண்டேதான் இருக்கும். பிவிசி படலம் என்றால் அதுவே கெடுதல். ஈரத்தோடு மூடினால் பூஞ்சை. அட்டையில்லாமல் இறுக்கினால் புத்தகமே வளையும். முக்கியமாக, படிக்க வருபவருக்காக ஒவ்வொரு முறையும் வெட்டித் திறந்து, மறுபடி மூட வேண்டும். அந்த அலுப்பிலேயே ‘யாரும் கேட்கலையே’ என்று கழித்துவிடும் அபாயமும் இருக்கிறது. பேக்கர் அஞ்சியது அதற்குத்தானே?

ஆகவே உறை மருந்தில்லை, வாய்தா. எதை வைத்துக்கொள்வது என்று நிதானமாக முடிவெடுக்கக் கிடைக்கும் அவகாசம். மைக்ரோஃபிலிம் காலத்து அவசரத்தில் இல்லாமல்போனது அதுதான். பேக்கரின் புத்தகம் அந்த அவசரத்தை அம்பலப்படுத்துகிறது. அவகாசத்துக்கு யார் காசு கொடுப்பது, யார் வெட்டித் திறப்பது என்ற இடத்தில்தான் மெலிகிறது.

தாத்தாவின் தொகுதியை இரண்டு அட்டைக்கு நடுவே வைத்து, பருத்தி நாடாவால் தளர்வாகக் கட்டினேன். வீட்டில் அவிழ்த்துப் பார்க்க ஆள் இருக்கிறதே. போட்டோவும் எடுத்தேன், கதைக்குப் பின்பக்கம் பாதியில் வெட்டுப்பட்ட சோப்பு விளம்பரம் உட்பட.