போரும் றொக் இசையும்: 'லெற் இங்லண்ட் ஷேக்' குறித்துச் சில சிந்தனைகள்

றொக் இசையை முதலாளித்துவச் சந்தையின் விற்பனைப் பண்டமெனக் கூறி ஒதுக்கிவிடும் போக்கு முற்போக்குத் திறனாய்வாளரிடையே நெடுங்காலமாக இருந்துவந்துள்ளது. இக்கூற்றில் உண்மை இல்லாமலில்லை. ஆயின், ஒரு கலைப்படைப்பு எங்கு விற்கப்படுகின்றது என்பதைக் கொண்டு மாத்திரம் அது யாது கூறுகின்றது என்பதைத் தீர்மானித்துவிட முடியாது. ஆங்கிலேயப் பாடகி பி. ஜே. ஹாவி 2011 பெப்ரவரியில் வெளியிட்ட 'லெற் இங்லண்ட் ஷேக்' என்னும் இசைத்தொகுப்பு இவ்வகையில் நமது கவனத்துக்குரியதாகின்றது.

டோர்செற் பகுதியிலுள்ள தேவாலயமொன்றில் ஒலிப்பதிவு செய்யப்பட்ட இத்தொகுப்பின் 12 பாடல்களும் பெரும்பாலும் போரையும் இங்கிலாந்தையும் பொருளாகக் கொண்டவை. அவற்றுட் சில 1915–16ஆம் ஆண்டுகளின் கலிப்பொலிப் போர்க்களத்தைப் பாடுகின்றன. ஈராக், ஆப்கானிஸ்தான் ஆகிய நாடுகளில் பிரித்தானியப் படைகள் போரிட்ட காலத்திலேயே இத்தொகுப்பு உருப்பெற்றது என்பது மனங்கொள்ளத்தக்கது. பழைய போரைப் பாடுவது இங்கு சமகாலத்திலிருந்து தப்பியோடுவதன்று; சமகாலத்தை விசாரணை செய்வதாகும்.

உருவமும் உள்ளடக்கமும் முரண்பட்டு நிற்பதே இத்தொகுப்பின் தனிச்சிறப்பு எனலாம். சிதைந்த உடல்களைப் பற்றிய சொற்கள், ஓட்டோஹார்ப் நரம்புகளின் இனிமையோடும் குழந்தைமை தோய்ந்த உச்சக் குரலோடும் ஒலிக்கின்றன. 'த குளோரியஸ் லாண்ட்' பாடலிலே இராணுவ ஊதுகொம்பின் அழைப்பு, பாடலின் தாளத்தோடு இசையாது குறுக்கிடுகின்றது. நாட்டுப்பற்றின் ஓசை மக்கள் வாழ்வோடு பொருந்தாமையை இதைவிடச் சுருக்கமாக உணர்த்துதல் அரிது. 'த வேட்ஸ் தற் மேக்கெத் மேடர்' பாடலோ, எடி கொக்ரனின் 1958ஆம் ஆண்டுப் பாடலொன்றில் வேடிக்கையாக வரும் ஐக்கிய நாடுகள் சபை பற்றிய அடியை எடுத்தாண்டு, அதனைக் கசப்பான கேள்வியாக மாற்றிவிடுகின்றது.

எனினும், இத்தொகுப்பின் எல்லைகளையும் நாம் சுட்டாதிருத்தல் இயலாது. கலிப்பொலியிலே 14ஆம் சீக்கியப் படைப்பிரிவினரும் கூர்க்காப் படையினரும் பேரரசுக்காக மடிந்தனர். இப்பாடல்களில் அவர்களுக்கு இடமில்லை. 'இங்லண்ட்' என்னும் பாடலின் பின்னணியில் குர்தியப் பாடகரொருவரின் பழைய ஒலிப்பதிவு கேட்கின்றது. ஆனால் அக்குரல் பின்னணியாகவே நின்றுவிடுகின்றது. போரின் கொடுமை உணர்த்தப்படும் அளவுக்கு, அப்போரினால் இலாபமடைந்தோர் யாவர் என்ற வினா எழுப்பப்படவில்லை. ஆளப்பட்டோரின் வழித்தோன்றல்களாகிய நாம் இக்குறையைக் காணாதிருப்பது பொருந்தாது.

பிறிதொரு பிரச்சினையும் உண்டு. 2010 ஏப்ரலில் பி.பி.சி. தொலைக்காட்சி நிகழ்ச்சியொன்றிலே, அப்போதைய பிரதமர் கோர்டன் பிரவுண் கலந்துகொண்டிருக்கையில், ஹாவி இதன் தலைப்புப் பாடலைப் பாடினார். 2011இல் மேர்க்குரிப் பரிசும் இதற்குக் கிடைத்தது. 2001இலும் அதனை வென்றிருந்த அவர், அப்பரிசை இருமுறை பெற்ற முதலாமவரானார். எதிர்ப்புக் குரலையும் அணிகலனாக்கிக் கொள்ளும் ஆற்றல் ஆளும் வர்க்கத்துக்கு உண்டு என்பதை இது காட்டவில்லையா?

காட்டுகின்றது என்பதே எமது கருத்து. ஆயினும், பரிசு பெற்றமையால் அப்பாடல்களின் உண்மை பொய்யாகிவிடுவதில்லை. தன் நாட்டை நேசித்துக்கொண்டே அந்நாட்டின் போர்களைக் குற்றஞ்சாட்டவியலும் என்பதை இத்தொகுப்பு மெய்ப்பித்துள்ளது. போர் நினைவுகள் வெற்றிவிழாக்களாக மாற்றப்படும் எந்த நாட்டிலும் இத்தகைய கலை தேவையானதே. அதனை ஏற்று, அது கேளாது விட்ட வினாக்களையும் கேட்பதே திறனாய்வின் கடமையாகும்.