ஆற்றின் சொரசொரப்பு

வெள்ள மாதிரியில் ஆற்றுப் படுகையின் சொரசொரப்பு மானிங் கெழு என்ற ஒற்றை எண்ணாக நுழைகிறது. அயர்லாந்துப் பொறியாளர் ராபர்ட் மானிங் 1889-இல் முன்வைத்த சூத்திரத்தின் வழிவந்தது இது. சரிவும் ஆழமும் மாறாமல் எண் மட்டும் இரட்டித்தால் நீரின் வேகம் பாதியாகிவிடும். அதே வெள்ளம் மேலும் உயர்ந்துதான் கடந்துபோக முடியும்.

கரையில் நின்று அந்த எண்ணைக் காட்டும் கருவி கிடையாது; கண் பழக வேண்டும். அப்படிப் பழக, அமெரிக்க நிலவியல் ஆய்வு நிறுவனம் 1967-இல் வெளியிட்ட ஹாரி பார்ன்ஸின் நூலைவிட நல்ல துணை எனக்குத் தெரியாது. 50 நீரோட்டங்களின் வண்ணப் படங்கள், ஒவ்வொன்றுக்கும் அளந்த ஓட்டத்திலிருந்து கணக்கிட்டெடுத்த கெழு. வாஷிங்டன் மாநிலத்தில் அகன்றோடும் கொலம்பியா ஆற்றுக்கு 0.024. மொன்டானாவில் பாறாங்கற்கள் நிறைந்த ராக் கிரீக் ஓடைக்கு 0.075. மூன்று மடங்கு வித்தியாசம், படத்திலேயே தெரிகிறது!

குறுக்குவெட்டில் கெழு இடத்துக்கு இடம் மாறும்: நடுவில் மணல், ஓரத்தில் புதர், அப்பால் வயல். புதர் இலையுதிர்த்தால் அதன் எண்ணும் இறங்கும். ஆற்றை நேரில் பார்க்காமல் அட்டவணையிலிருந்து எண்ணை எடுத்துப் போடுவதை என்னால் ஏற்க முடிவதில்லை.