எரிக்காத தணிக்கை

2022 ஜூனில் சாதபீஸ் ஏலத்தில் மார்கரெட் அட்வுட்டின் ‘தி ஹேண்ட்மெய்ட்ஸ் டேல்’ நாவலின் ஒரு பிரதி 1,30,000 டாலருக்குப் போனது. தீப்பிடிக்காத பொருட்களால் செய்த ஒற்றைப் பிரதி அது. எண்பதைக் கடந்த அட்வுட்டே நெருப்பைக் கக்கும் கருவியைத் தூக்கிக்கொண்டு அதைக் கொளுத்திப் பார்க்கும் காணொளியும் வந்தது. தொகை முழுதும் எழுத்துரிமைக்காகப் போராடும் பென் அமெரிக்கா அமைப்புக்குச் சேர்ந்தது. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. யோசனை மட்டும் பழையது. 1953இல் ரே பிராட்பரியின் ‘ஃபாரன்ஹீட் 451’ வெளிவந்தபோதே கல்நார் அட்டையில் சில பிரதிகள் போட்டார்கள்.

அடுத்த ஆண்டு அயோவா மாநிலத்தின் மேசன் சிட்டியில் பள்ளி நூலகங்களிலிருந்து 19 நூல்களை எடுத்தார்கள். பாலுறவுச் சித்திரிப்புள்ள நூல்கள் பள்ளியில் இருக்கக் கூடாது என்று மாநிலம் சட்டம் போட்டிருந்தது. எல்லாவற்றையும் படித்துப் பார்க்க முடியாத நிர்வாகம், ஏற்கெனவே புகாருக்கு ஆளான நூல்களின் பெயர்களைச் சாட்ஜிபிடியிடம் கொடுத்து, அப்படிப்பட்ட காட்சி உண்டா என்று கேட்டு முடிவெடுத்தது. வெளியே போனவற்றில் அட்வுட்டின் நாவலும் ஒன்று. எரியாத அட்டை அங்கே எதற்கு உதவும்?

எங்காவது ஒரு நூல் தடைசெய்யப்பட்டால் உடனே ஆர்வெல்லையும் பிராட்பரியையும் துணைக்கு அழைப்பது வழக்கமாகிவிட்டது. மோசமான எதிர்காலத்தைக் கற்பனை செய்யும் டிஸ்டோபிய நாவல்கள்தான் தணிக்கையை நமக்குப் புரியவைத்தன என்கிறார்கள். ஓரளவு உண்மை. சொற்களைக் குறைத்தால் சிந்தனையும் குறையும் என்பதை ஆர்வெல்லின் ‘1984’ போல வேறெந்த நாவலும் உறைக்கச் சொல்லவில்லை. ஸாம்யாத்தின் என்ற ரஷ்ய எழுத்தாளர் தணிக்கையைக் கற்பனை செய்ததோடு அதை அனுபவிக்கவும் செய்தார். 1920களின் தொடக்கத்தில் அவர் எழுதி முடித்த ‘நாங்கள்’ சோவியத் மண்ணில் அச்சேற 1988 ஆயிற்று. இதெல்லாம் இருந்தும், இந்த வகை நாவல்கள் தணிக்கையைப் பற்றிச் சொல்லும் அடிப்படைச் செய்தியே பிழை என்று நினைக்கிறேன். தணிக்கையை அவை வாசகருக்கு வெளியே, கண்ணுக்குத் தெரியும் எதிரியிடம் கொண்டுபோய் வைக்கின்றன. படிப்பவர் நிரபராதியாக வெளியே வருகிறார்.

வேடிக்கை என்னவென்றால், எழுதியவர்களுக்கு உண்மை தெரிந்தே இருந்தது. ரஷ்யாவை நையாண்டி செய்த ஆர்வெல்லின் ‘விலங்குப் பண்ணை’யைப் பதிப்பாளர் கொலான்ஸ் மறுத்தார். ஜொனதன் கேப் முதலில் ஒப்புக்கொண்டு, தகவல் அமைச்சக அதிகாரி ஒருவரின் ஆலோசனைக்குப் பிறகு பின்வாங்கினார். ஃபேபர் பதிப்பகத்தில் இருந்த டி. எஸ். எலியட் நாகரிகமான ஒரு கடிதம் எழுதித் திருப்பி அனுப்பினார். எந்தச் சட்டமும் இவர்களைத் தடுக்கவில்லை. போர்க்காலத்தில் ரஷ்யாவைச் சீண்டுவது உசிதமல்ல என்று படித்த மனிதர்கள் தாமாகவே முடிவெடுத்தார்கள். இங்கிலாந்தில் தணிக்கை பெரும்பாலும் தானாக முன்வந்து செய்யப்படுவது என்று ஆர்வெல் அந்நூலுக்கு ஒரு முன்னுரையே எழுதினார். 1945இல் நூல் வந்தபோது அது அச்சாகவில்லை; 1972இல்தான் வெளிச்சத்துக்கு வந்தது. இவ்வளவும் அறிந்த மனிதர் நான்கே ஆண்டுகளில் எழுதிய ‘1984’ நாவலில் அமைச்சகம் இருக்கிறது, சிந்தனைக் காவல் இருக்கிறது, எலிக்கூண்டு இருக்கிறது. அந்த நாகரிகமான கடிதத்தை எழுதியவர் மட்டும் இல்லை.

அந்நாவலின் நாயகன் வின்ஸ்டன் ஸ்மித்தே பழைய செய்தித்தாள்களைத் திருத்தும் குமாஸ்தாதானே என்று கேட்கலாம். உண்மைதான், அந்த வேலையில் அவனுக்கு மகிழ்ச்சி உண்டு என்றும் ஆர்வெல் சொல்கிறார். நாவலின் ஆழமான இடமே அதுதான். ஆனால் ஆர்வெல் அந்தக் கதவைத் திறந்த வேகத்தில் மூடிவிட்டுச் சித்திரவதை அறைக்குப் போய்விடுகிறார். நமக்கு நினைவில் நிற்பது எலிகள்தாம். திருத்திய கை அல்ல.

பிராட்பரியின் கதை இன்னும் மோசம். தணிக்கை அரசிடமிருந்து வரவில்லை, யாருடைய மனமும் புண்படக் கூடாது என்று மக்களே கேட்டு வாங்கிக்கொண்டது என்று நூல்களை எரிக்கும் தீப்படையின் தலைவன் பீட்டி நீளமாகப் பேசுகிறான். நாவலின் கூர்மையான கருத்தை வில்லனின் வாயில் வைத்து, அவனையே தீக்கு இரையாக்கிவிட்டால் அந்தக் கருத்தை யார் தன் மேல் போட்டுக்கொள்வார்கள்? பாலன்டைன் பதிப்பகத்தார் போட்டுக்கொள்ளவில்லை. 1967இல் பள்ளி மாணவருக்கான பதிப்பு என்று கொண்டுவந்து, வசவுச் சொற்களை எடுத்தும் மாற்றியும் 75 இடங்களில் கைவைத்தார்கள். பிறகு சில ஆண்டுகள் அந்த வெட்டுப்பட்ட பிரதி மட்டுமே கடைகளில் கிடைத்தது. விஷயம் பிராட்பரிக்குத் தெரியவந்தது 1979இல். தணிக்கையைக் கண்டித்த நாவலை வரிவரியாகப் படித்து வெட்டிய அந்தப் பதிப்பாசிரியருக்குத் தாம் செய்வது இன்னதென்று தோன்றவில்லை. எப்படித் தோன்றும்? அவர் கையில் இருந்தது பென்சில். நாவல் அவருக்குக் காட்டிய தணிக்கையாளன் கையில் மண்ணெண்ணெய் அல்லவா இருந்தது!

மிகைப்படுத்துவது எச்சரிக்கையின் இலக்கணம் என்று இவற்றின் ஆதரவாளர்கள் சொல்வார்கள். இருக்கட்டும். ஆபத்து வரும் திசையையாவது எச்சரிக்கை சரியாகக் காட்ட வேண்டும். நிறவெறிக் காலத் தென்னாப்பிரிக்காவில் எழுத்தாளர் கூட்ஸியின் நாவல்களைத் தணிக்கைக்காகப் படித்தவர்களில் இலக்கியப் பேராசிரியர்கள் இருந்தார்கள். நுட்பமாகப் படித்தார்கள், தேர்ந்த இலக்கிய வாசகர் மட்டுமே தொடும் நூல் என்று சொல்லி அனுமதியும் கொடுத்தார்கள். ரசனை உள்ளவன் தணிக்கை செய்யமாட்டான் என்ற நம்பிக்கை இதோடு அடிபட்டுப் போகிறது. டிஸ்டோபிய நாவல்களோ அந்த நம்பிக்கையில்தான் உயிர்வாழ்கின்றன. தணிக்கைக்கு உட்பட்ட சமூகம் என்றால் சுவர்த் திரையில் மூழ்கிய மந்தை. நடுவே விழித்துக்கொள்ளும் ஒருவன். அந்த ஒருவனின் இடத்தில் வாசகர் தம்மை வைத்துக்கொள்கிறார். நிஜச் சமூகத்தைத் தணிக்கை மந்தமாக்குவதைவிட அதிகமாக ஜாக்கிரதையாக்குகிறது. பதிப்பாளர் வழக்கைக் கணக்குப் பார்க்கிறார், நூலகர் புகாருக்கு முன்பே அலமாரியைக் காலிசெய்கிறார், எழுத்தாளர் அந்த அத்தியாயத்தைத் தொடங்குவதே இல்லை. யாரும் முட்டாளில்லை. ஒவ்வொருவரிடமும் நியாயமான காரணம் இருக்கிறது.

அந்தக் காரணங்களை உள்ளிருந்து எழுதுவதுதான் நாவலாசிரியரின் வேலை. கொடுங்கோலனைக் காட்டச் சுவரொட்டி போதும். அடுத்த டிஸ்டோபிய நாவலுக்குப் பரிசு கொடுக்க உட்காரும் நடுவர்கள் ஒன்றை மட்டும் கேட்டுப் பார்க்கட்டும்: இதைப் படித்து முடித்த பதிப்பாசிரியர், தாம் சென்ற வாரம் வெட்டிய ஒரு வரியைத் திரும்ப எடுத்துப் பார்ப்பாரா? மாட்டார் என்றால், அந்த நாவலால் தணிக்கைக்கு எந்த இடைஞ்சலும் இல்லை.