ஒரு தட்டு, இரு பக்கம்

இரண்டு கலைஞர்கள் கூடினால் பலம் இரட்டிக்கும் என்று ரசிகர்கள் நம்புகிறோம். கூட்டு கலைந்தாலோ, செய்த காரியமும் பழுதென்று தீர்ப்புச் சொல்லிவிடுகிறோம். இரண்டும் அவசரம்தான்.

1987-ல் இங்கிலாந்தில் 'பம்ப் அப் த வால்யூம்' என்ற நடன இசைத்தட்டு வந்தது. கலர்பாக்ஸ், ஏ.ஆர். கேன் என்ற இரு கோஷ்டிகள் சேர்ந்து செய்தது. முன்னவர்கள் தாள யந்திரத்தை நம்பியவர்கள். பின்னவர்கள் கிதாரைக் கனவுபோல் முழங்கவிட்டவர்கள். 'ஃபோர் ஏடி' கம்பெனியின் ஐவோ வாட்ஸ்-ரஸ்ஸல் இவர்களைச் சேர்த்துவைத்தார். ஐந்து பேரின் முதலெழுத்துக்களைக் கோத்து 'மார்ஸ்' என்று பெயரும் சூட்டிக்கொண்டார்கள். பெயர் ஒட்டியது, ஆட்கள் ஒட்டவில்லை. தட்டின் ஒரு பக்கம் பெரும்பாலும் கலர்பாக்ஸின் வேலை. மறுபக்கத்து 'அனிட்டினா' பெரும்பாலும் ஏ.ஆர். கேனின் வேலை. பிரிட்டனில் முதலிடம் பிடித்தும், அந்தப் பெயரில் அடுத்த தட்டு வரவேயில்லை.

நம்மவர்களை நினைத்துப் பாருங்கள். 1986-ல் வெளியான 'மெல்லத் திறந்தது கதவு' படத்துக்கு எம்.எஸ். விஸ்வநாதன் மெட்டமைத்தார், இளையராஜா வாத்திய இசை சேர்த்தார். 1992-ல் 'செந்தமிழ்ப் பாட்டு' படத்துக்காக மறுபடியும் சேர்ந்தார்கள்.

முத்துக்குளிப்பு நடந்த காலத்தில் வேம்பார் முதலான முத்துக்கரை ஊர்களில் இதன் ரகசியம் தெரிந்திருந்தது. ஒருவர் கல்லைக் கட்டிக்கொண்டு மூழ்குவார். ஒருவர் தோணியிலிருந்து கயிற்றைப் பிடிப்பார். கயிறு பிடிக்க மைத்துனனைத்தான் நம்புவார்கள் என்பது கரையோரத்துப் பேச்சு. தங்கையின் தாலி அவன் கையில் அல்லவா இருந்தது! விஸ்வநாதன் மூழ்கினார்; இளையராஜா கயிறு பிடித்தார். அங்கேயோ இரு கோஷ்டியாருமே மூழ்கத்தான் ஆசைப்பட்டார்கள்.

ஆகவே ஒற்றுமையே கலை என்று முடித்துவிடலாமா? காது சம்மதிக்கவில்லை. அந்த இங்கிலாந்துப் பாட்டு, பிறருடைய தட்டுகளிலிருந்து வெட்டிய துணுக்குகளைத் தாளத்தின்மேல் ஒட்டுப்போட்டுத் தைத்தது. தையல் வெகு சாமர்த்தியம். ஆனால் நடுவே ஒரு கிதார் சீறுகிறது பாருங்கள், அது ஏ.ஆர். கேன் விட்டுச்சென்ற மிச்சம். அதை நீக்கினால் சாமர்த்தியம் மிஞ்சும், கலக்கம் போய்விடும். நமது படத்தின் பாட்டுகளில் எது யாருடையது என்று பிரித்துப் பார்க்க மனம் வருவதில்லை. அங்கே பிளவு காதில் விழுகிறது. விழுவதனால்தான் பாட்டுக்கு உயிர்.

கூட்டு நிலைக்கவில்லையே என்று நாம் வருந்த வேண்டியதில்லை. ஆனால் பிரிந்துபோனவனின் பங்கை மறக்கக் கூடாது. கைதட்டல் ஓய்ந்த பிறகு கணக்கெழுதுகிறவர்கள், வேலையில் பெரும்பங்கு யாருடையது என்று பார்த்து அவர் பெயரோடு நிறுத்திவிடுவார்கள். சிறு பங்கையும் கேட்டறிந்து சொல்வதுதான் ரசிகனுடைய கடமை.