அணியின் ஆணையும் ஓட்டுநரின் ஆசையும்

ஃபார்முலா 1 பந்தயத்தில் ஒரே ஓட்டத்தில் இரண்டு பட்டங்களுக்குப் போட்டி நடக்கிறது. ஒன்று ஓட்டுநருக்கு, மற்றொன்று காரைத் தயாரித்து இறக்கும் அணிக்கு. ஒவ்வோர் அணிக்கும் இரண்டு கார்கள். அந்த இரண்டும் சேர்ந்து வாங்கும் புள்ளிகளே அணியின் கணக்கு. ஆண்டு முடிவில் பிரித்துத் தரப்படும் பரிசுப் பணமும் அணிகளின் தரவரிசையை ஒட்டியே வருகிறது. எனவே தன் இருவரில் யார் முன்னே வந்தார் என்பது பல நாட்களில் அணிக்கு இரண்டாம்பட்சம். இருவரும் மோதிக்கொள்ளாமல் வந்து சேர்ந்தாலே அதற்கு நிம்மதி.

ஓட்டுநரின் கணக்கு வேறு. களத்தில் அவரிடம் இருக்கும் அதே காரை வைத்திருப்பவர் ஒரே ஒருவர்தான். மற்றவர்களிடம் தோற்றால் காரைக் குறை சொல்லலாம். சக அணி வீரரிடம் தோற்றால் சொல்லிக்கொள்ள எதுவும் இல்லை. அடுத்த ஒப்பந்தம், சம்பளம், பட்டறையில் கிடைக்கும் மரியாதை என எல்லாமே அந்த ஒருவரை அளவுகோலாக வைத்துத்தான் தீர்மானமாகின்றன. ஆகவே சக வீரரை முந்தத் துடிப்பதை அகந்தை என்று தள்ளிவிட முடியாது. அது அவருடைய பிழைப்பு.

இந்த இரண்டு கணக்குகளும் முட்டிக்கொள்ளும்போது பிறப்பதுதான் ‘டீம் ஆர்டர்’ என்னும் அணி ஆணை. வழிவிடு, முந்தாதே, இடத்தை மாற்றிக்கொள் என்று ரேடியோவில் வரும் உத்தரவு. ரசிகர்களில் பெரும்பாலோர் இதை அடியோடு வெறுக்கிறார்கள். அணி நிர்வாகிகள் அடியோடு நியாயப்படுத்துகிறார்கள். இரண்டு நிலைகளும் சோம்பேறித்தனமானவை. ஆணை எப்போது இடப்பட்டது, எந்தத் தேவைக்காக இடப்பட்டது, எவ்வளவு வெளிப்படையாக இடப்பட்டது என்று பார்க்காமல் தீர்ப்புச் சொல்ல முடியாது.

வெறுப்பின் ஊற்றுக்கண் 2002 மே மாதம் நடந்த ஆஸ்திரியப் பந்தயம். ஃபெராரியின் ரூபன்ஸ் பாரிக்கெல்லோ தகுதிச்சுற்றில் முதலிடம் பிடித்து, பந்தயத்திலும் முன்னணியில் இருந்தார். கடைசிச் சுற்றில், முடிவுக்கோட்டுக்குச் சற்று முன்பாக, அணியின் உத்தரவுப்படி வேகத்தைக் குறைத்து மைக்கேல் ஷூமாக்கருக்கு வழிவிட்டார். இருவருக்கும் இடைவெளி 0.182 வினாடி. கூட்டம் கூச்சலிட்டு எதிர்ப்பைக் காட்டியது. கூசிப்போன ஷூமாக்கர், மேடையின் உச்சிப் படியில் பாரிக்கெல்லோவை ஏற்றி நிறுத்தினார். பந்தயத்தை நெறிப்படுத்தும் சர்வதேச அமைப்பான எஃப்.ஐ.ஏ. 10 லட்சம் டாலர் அபராதம் விதித்தது. அதுவும் ஆணைக்காக அல்ல, மேடை மரபை மீறியதற்காக! அன்றைய விதிகளின்படி ஆணையில் தவறே இல்லை.

அந்த ஆணைக்குத் தேவை இருந்ததா? அது 17 பந்தயங்கள் கொண்ட பருவத்தின் ஆறாவது பந்தயம். அதற்கு முன் நடந்த ஐந்தில் நான்கை ஷூமாக்கரே வென்றிருந்தார். ஜூலையிலேயே பட்டத்தையும் உறுதிசெய்துவிட்டார். ஆண்டு முடிவில் இரண்டாமிடம் பிடித்த பாரிக்கெல்லோவைவிட அவர் 67 புள்ளிகள் கூடுதல். ஆஸ்திரியாவில் அவருக்குக் கிடைத்தது வெறும் 4 புள்ளி லாபம். யாருக்கும் தேவைப்படாத 4 புள்ளிகளுக்காக ஒருவரின் வெற்றியும் ஒரு பந்தயத்தின் நம்பகத்தன்மையும் பறிபோயின.

இதனோடு 2007 பருவத்தின் கடைசிப் பந்தயத்தை ஒப்பிட வேண்டும். பிரேசிலின் இன்டர்லாகோஸ் களத்தில், சொந்த ஊர் ரசிகர்கள் முன்னால், ஃபெராரியின் ஃபெலிப்பே மாசா முன்னணியில் ஓடிக்கொண்டிருந்தார். அவருக்குப் பட்ட வாய்ப்பு ஏற்கெனவே போயிருந்தது. சக வீரர் கிமி ரைக்கோனனுக்கு இருந்தது. டயர் மாற்ற ஒதுங்கும் ‘பிட்’ நிறுத்தங்களில் இரண்டாவது முடிந்தபோது ரைக்கோனன் முன்னே வந்திருந்தார். 110 புள்ளிகளோடு அவர் சாம்பியன். லூயிஸ் ஹாமில்டனுக்கும் ஃபெர்னாண்டோ அலோன்சோவுக்கும் தலா 109. மாசா வென்றிருந்தால் ரைக்கோனனுக்கு 108தான். ஆஸ்திரியாவில் நடந்ததைவிட இந்த இடமாற்றம் ஆயிரம் மடங்கு பெரிய விளைவை உண்டாக்கியது. ஒரு உலகப் பட்டத்தையே முடிவுசெய்தது. ஆனாலும் பெரிய எதிர்ப்பு எழவில்லை. விட்டுக்கொடுத்தவர் தன் பட்டத்தை விட்டுக்கொடுக்கவில்லை என்பது எல்லாருக்கும் புரிந்திருந்தது.

வேடிக்கை என்னவென்றால், 2007-ல் அணி ஆணைக்குத் தடை அமலில் இருந்தது. ஆஸ்திரியக் கூத்துக்குப் பின், பந்தய முடிவைப் பாதிக்கும் ஆணைகளை 2003 முதல் எஃப்.ஐ.ஏ. தடைசெய்தது. தடை ஆணைகளை நிறுத்தவில்லை, அவற்றுக்கு முக்காடு போட்டது. பிட் நிறுத்த நேரத்தை முன்பின்னாக மாற்றினால் போதும், வாயால் சொல்ல வேண்டியதே இல்லை. சொல்ல வேண்டிவந்தால் சங்கேதம். 2010 ஜூலையில் ஜெர்மனியின் ஹாக்கன்ஹைம் களத்தில், அதற்குள் ஃபெராரிக்கு மாறியிருந்த அலோன்சோவுக்கு முன்னே ஓடிய மாசாவிடம் அவருடைய பொறியாளர், அலோன்சோ உன்னைவிட வேகமாக வருகிறார், புரிந்ததா என்று கேட்டார். மாசா வழிவிட்டார். அவர் உயிர் பிழைத்ததே பெரிது என்று சொல்லத்தக்க ஹங்கேரி விபத்து நடந்து அன்றோடு சரியாக ஓராண்டு. பந்தயத்துக்குப் பின் எல்லாரும் இது மாசாவின் சொந்த முடிவு என்றே சாதித்தார்கள். ஒரு லட்சம் டாலர் அபராதத்தோடு விவகாரம் முடிந்தது, முடிவு மாற்றப்படவில்லை. 2011 முதல் தடையும் நீக்கப்பட்டது.

அலோன்சோ அந்த ஆண்டுப் பட்டத்தை 4 புள்ளியில் இழந்தார் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், ஹாக்கன்ஹைமில் ஃபெராரிக்குத் தேவை உண்மையாகவே இருந்தது தெரியும். அங்கே அருவருப்பூட்டியது ஆணையைவிட அதை மறைக்கச் சொன்ன பொய்தான்.

ஆணையே வேண்டாம் என்போருக்கு வரலாறு வேறு பாடங்களை வைத்திருக்கிறது. 1986-ல் வில்லியம்ஸ் அணி ஒன்பது பந்தயங்களை வென்றது. நைஜல் மான்செல் ஐந்து, நெல்சன் பிக்கே நான்கு எனப் பங்கிட்டுக்கொண்டார்கள். பட்டமோ நான்கே வெற்றி பெற்ற மெக்லாரனின் அலன் ப்ரோஸ்ட்டுக்குப் போனது: ப்ரோஸ்ட் 72, மான்செல் 70, பிக்கே 69. கடைசிப் பந்தயத்தில் மான்செலின் டயர் வெடித்தது உண்மை. ஆனால் டயர் வெடித்தாலும் தாங்கும் அளவுக்குப் புள்ளிகளை ஒருவரிடம் சேர்த்துவைக்க அணி முனையவில்லை. 2007-ல் மெக்லாரனில் ஹாமில்டனும் அலோன்சோவும் அடித்துக்கொண்டதில் பட்டம் ரைக்கோனனுக்குப் போன கதையை மேலே பார்த்தோம். 2016-ல் பார்சிலோனாவில் மெர்சிடிஸின் ஹாமில்டனும் நிக்கோ ராஸ்பெர்கும் முதல் சுற்றிலேயே மோதி இருவரும் வெளியேறினார்கள். ஒரே உறையில் இரண்டு வாள் இருந்தால் முதலில் கிழிவது உறைதான்.

அதே மெர்சிடிஸ் 2014 முதல் 2016 வரை இரண்டு பட்டங்களையும் விடாமல் வென்றது என்பதும் உண்மை. 1988-ல் அயர்ட்டன் சென்னாவையும் ப்ரோஸ்ட்டையும் ஒன்றாக வைத்திருந்த மெக்லாரன் 16-ல் 15 பந்தயங்களை வென்றது. மற்ற அணிகள் கண்ணுக்கு எட்டாத தூரத்தில் பின்தங்கியிருக்கும்போது இருவரையும் சுதந்திரமாக மோதவிடலாம். இழப்பு வீட்டுக்குள்ளேயே தங்கிவிடும். போட்டி நெருங்கும்போது அந்தச் சுதந்திரத்தின் விலை ஏறுகிறது.

ஆணை முறையின் ஆழமான குறை பலரும் பேசாத ஓரிடத்தில் இருக்கிறது. அது எல்லாரையும் ஒரே மாதிரி கட்டுப்படுத்துவதில்லை. 2013 மலேசியப் பந்தயத்தில் ரெட் புல் அணி, முன்னே ஓடிய மார்க் வெப்பரை முந்த வேண்டாம் என்று ‘மல்ட்டி 21’ என்ற சங்கேதத்தால் செபாஸ்டியன் வெட்டலுக்குச் சொன்னது. இரண்டாம் எண் கார் முன்னே, ஒன்றாம் எண் கார் பின்னே என்று பொருள். வெட்டல் கேட்கவில்லை, முந்தி வென்றார். தண்டனை எதுவும் இல்லை. அந்த ஆண்டுப் பட்டத்தை அவர் 155 புள்ளி வித்தியாசத்தில் வென்றார். மலேசிய வெற்றி அவருக்குத் தேவைப்படவே இல்லை. 2022-ல் பட்டத்தை ஏற்கெனவே வென்றுவிட்ட மேக்ஸ் வெர்ஸ்டாப்பன், பிரேசிலில் ஆறாமிடத்தைச் சக வீரர் செர்ஜியோ பெரெஸுக்குத் தர மறுத்தார். ஆண்டின் இரண்டாமிடத்துக்குப் போராடிக்கொண்டிருந்த பெரெஸ் அதைக் கடைசியில் 3 புள்ளியில் இழந்தார். முந்தைய ஆண்டு அபுதாபியில் ஹாமில்டனை மறித்து வெர்ஸ்டாப்பன் பட்டம் வெல்ல உதவியவர் இதே பெரெஸ்! மாசாவும் பாரிக்கெல்லோவும் கீழ்ப்படிந்தார்கள். வெட்டலும் வெர்ஸ்டாப்பனும் மறுத்தார்கள். எளியவரை மட்டும் கட்டும் விதியை ஒழுக்கம் என்று சொல்ல முடியாது.

மெக்லாரன் இதற்கு மாற்றாக, இருவரையும் சமமாக நடத்துவதையே கொள்கையாக்கியது. 2024 ஹங்கேரியில் முன்னணியில் இருந்த ஆஸ்கார் பியாஸ்ட்ரியை விட்டுவிட்டு, பின்னால் இருந்த லாண்டோ நாரிஸை அணி முதலில் பிட்டுக்கு அழைத்தது. அதனால் நாரிஸ் முன்னே வந்தார். பல சுற்றுகள் பொறியாளரோடு ரேடியோவில் வாதாடியபின், முடிவு நெருங்கும்போது இடத்தைத் திருப்பித் தந்தார். பியாஸ்ட்ரிக்கு முதல் வெற்றி. அணி தன் செயலால் ஏற்பட்ட பிசகைத் தானே சரிசெய்த இந்த ஆணை நியாயமானது.

2025 மான்ஸாவில் அதே கொள்கை எல்லை தாண்டியது. முன்னே இருந்த நாரிஸின் சம்மதத்தோடு பியாஸ்ட்ரி முதலில் டயர் மாற்றினார். பிறகு நாரிஸின் சக்கரம் மாட்டத் தாமதமானதால் அவர் பின்தங்கினார். பியாஸ்ட்ரியிடம் இரண்டாமிடத்தைத் திருப்பிக் கேட்டது அணி. மெதுவான பிட் நிறுத்தமும் பந்தயத்தின் ஒரு பகுதிதானே என்று முறையிட்டபடியே அவர் கொடுத்தார். நாரிஸுக்குக் கூடுதலாக 3 புள்ளிகள். ஆண்டு முடிவில் நாரிஸ் 423, வெர்ஸ்டாப்பன் 421. அந்த 3 புள்ளிகளைக் கழித்தால் நாரிஸுக்கு 420! மற்ற பந்தயங்கள் அப்படியே நடந்திருக்கும் என்று யாரும் உறுதி கூற முடியாது. ஆனாலும், சமத்துவத்தின் பெயரால் இடப்பட்ட ஆணையும் ஒரு பட்டத்தின் மீது கைவைக்கும் என்பதற்கு இதைவிடத் தெளிவான கணக்கு வேண்டாம். தன் முடிவால் வந்த அநீதியை அணி திருத்தலாம். மாட்டாத சக்கரத்தையும் திருத்தக் கிளம்பினால் பந்தயத்தில் மிஞ்சுவது ஏற்பாடுதான்.

மறுபடி தடை போடுவதில் பயனில்லை. எட்டு ஆண்டு அனுபவம் அதைக் காட்டிவிட்டது. அதற்குப் பதிலாக மூன்று நிபந்தனைகள் போதும். அணி தன் முடிவால் வந்த பிசகைத் திருத்துவதற்காக அன்றி, பட்ட வாய்ப்பு உள்ள வீரரிடம் விட்டுக்கொடுக்கும்படி கேட்கக் கூடாது. யாருக்கு முன்னுரிமை என்பதைப் பந்தயத்துக்கு முன்பே இருவரிடமும் சொல்லி, ரசிகர்களுக்கும் அறிவிக்க வேண்டும். ஆணையை மீறுபவர் எவ்வளவு பெரிய நட்சத்திரமானாலும் அதற்குரிய விலையைக் கொடுக்க வேண்டும். இந்த மூன்றையும் ஏற்கும் அணிக்கு ஆணையிடும் உரிமை உண்டு. ஏற்காத அணி தன் இரண்டு ஓட்டுநர்களையும் அவர்கள் போக்கில் ஓடவிட்டு, வருவதை ஏற்றுக்கொள்ளட்டும்.